ரெஜினா அக்காவின் வளவுக்குப் போன வண்ணத்துப்பூச்சிகள்

தொலைபேசி அடித்தபோது நான் சமையலறை யன்னலால் ரெஜினா அக்காவின் டாலியாப் பூக்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். "அன்ரி, அம்மா விடியப்புறம் போயிட்டா" என்றார் அவருடைய மகன். அழுதேன். அழுதாலும் கண் அந்தப் பக்கமே நின்றது. வீட்டுக்காரி போன காலையிலும் அங்கே கருவண்டுகள் இரைந்துகொண்டிருந்தன.

வைலே நகரத் தமிழராகிய உங்களுக்கு அவர் மாதா கோயிலில் பாட்டுப் பாடியவர், கல்யாண வீடுகளில் பலகாரம் சுட்டவர். எனக்கு அவர் வேலிக்கு அந்தப் பக்கம். இந்த டெனிஷ் கிராமத்தில் தமிழ் வீடு எங்களுடைய இரண்டும்தான்.

நான் ஊர் வழக்கப்படி எழும்பியதும் வளவைக் கூட்டுகிறவள். புல் பூண்டு விடமாட்டேன். மண் தெரியக் கூட்டி, ரோசாக் கன்றுகளை வரிசைக்கு வைத்திருக்கிறேன். அவரோ தொட்டால் கடிக்கும் காஞ்சோண்டிச் செடியை மூலையில் வளரவிட்டார். விழுந்த இலைகளைக் குவித்து அப்படியே வைத்தார்.

"என்னக்கா, காடு வளக்கிறியளோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உன்ரை முத்தத்திலை சோத்தைக் கொட்டியே சாப்பிடலாம், ராசாத்தி. வண்ணத்துப்பூச்சிக்குச் சாப்பிட என்ன வைச்சிருக்கிறாய்?" என்றார்.

அதன் புழுக்கள் காஞ்சோண்டி இலையைத்தான் தின்னுமாம். ஆவணி பிறந்தால் அவருடைய ஊதாச் செவ்வந்தியில் பூத் தெரியாமல் வண்ணத்துப்பூச்சி அப்பியிருக்கும். என் ரோசாவில் ஒன்றும் இராது.

என் பேத்தி ஹோர்சன்ஸிலிருந்து வந்தால் சப்பாத்தைக் கழற்றாமலே அங்கே ஓடுவாள். இலைக் குவியலுக்குள் முள்ளெலி குட்டி போட்டிருந்தது. அதைப் பற்றி வகுப்பின் முன்னால் நின்று டெனிஷில் பேசினாள். ஆசிரியை கைதட்டினாராம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் நெஞ்சு எப்படி நிமிர்ந்திருக்கும்!

"அம்மம்மான்ரை வளவைப் பற்றி என்ன சொன்னனி?" என்று கேட்டேன்.

"அங்கை ஒண்டும் இல்லையே."

அன்று பின்னேரமே கோப்பையில் பால் ஊற்றி வேலியடியில் வைத்தேன். அக்கா கண்டுவிட்டார்.

"எடியே, அது என்ன நாகதம்பிரான் கோயில் பாம்போ, பால் வைக்க? முள்ளெலிக்குப் பால் கூடாது, வயித்தாலை போகும். தண்ணி வை."

தண்ணீர் வைத்தேன். வந்து குடித்தது. குடித்துவிட்டு அவர் பக்கமே திரும்பிப் போனது.

அடக்கம் முடிந்த கிழமை மகன் வந்து படலையில் நின்றார். "அன்ரி, வீட்டை விக்கப் போறம். பின்வளவை வெட்டித் துப்புரவாக்கட்டோ? உங்கடை போல வடிவா இருக்கும்."

என் வளவைப் போல வடிவாக இருக்கும் என்று ஒரு வாய் சொல்லக் கேட்க நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன்! அக்காவின் மகனே சொன்னார்.

"பூ முடியட்டும், தம்பி" என்றேன்.

இன்றும் வெயில் விழ யன்னலடியில் போய் நின்றேன். நான் உயிரோடு நிற்கிறேன், தண்ணீர் ஊற்றுகிறேன், பசளை போடுகிறேன். வண்டுகள் ஆளில்லாத வளவுக்கே போகின்றன. வயிறு எரிகிறது. அக்கா எனக்கென்று விட்டுப்போனது இந்த எரிச்சல்தான். இதை நான் ஒருவருக்கும் பங்கு கொடுக்கமாட்டேன்.