தப்பான தடயம்

எங்கள் வீட்டில் துப்பறியும் நாவல் படிக்கிறவள் அக்கா ஒருத்திதான். காலேஜ் போகிற வழியில் இலுப்பூரில் பஸ் மாறும்போது அங்கே கடையில் மாதாமாதம் ஒன்று வாங்கிவிடுவாள். வாங்கியதைப் படித்துவிட்டு எனக்குக் கதையாகச் சொல்வாள். முடிவை மட்டும் சொல்லித் தொலைக்க மாட்டாள். "நீயே கண்டுபிடி" என்பாள். அழுக்குச் சட்டையோடு முறைக்கிறவனைத்தான் நான் எப்போதும் கை காட்டுவேன். அந்தப் பாவி கடைசியில் அப்பாவியாகப் போய்விடுவான்.

"அடி மக்கு! தேனாப் பேசுறவனப் பாரு. இதனால யாருக்கு லாபம்னு பாரு. நடுவுல தப்பான தடயத்தப் போட்டு சுத்த விடுவாங்க, அதுல விழுந்துராத."

ஏமாந்த கோபத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அடுத்த நிமிஷமே இன்னொரு கதை கேட்பேன். அப்படி என்ன ருசியோ, ஏமாறுவதில்!

அந்த நாட்களில் வீட்டில் ஒரே பேச்சு: "நல்ல எடம் ஒண்ணு வருது. அமைஞ்சிட்டா இந்த வருசத்தோட அவ படிப்ப நிறுத்திரலாம்." ஏதோ மனை வாங்கப் போகிறார்கள், அதற்கே பணம் சரியாகிவிடும், அதனால்தான் படிப்பு நிற்கிறது என்று நான் கணக்குப் போட்டேன். அக்கா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். எனக்கு அந்த மனையின் மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஒரு சனிக்கிழமை, வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் எதிர்க்கடையில் சோடா குடித்தபடி எங்கள் வீட்டையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னலிலிருந்து என்னைப் பிடித்து இழுத்தாள்.

"அந்தாளு நம்ம வீட்ட நோட்டம் விடுறான். அங்கிட்டுப் போயி நில்லு. என்னயப் பத்திக் கேட்டா நெசத்தச் சொல்லிராத. தப்பான தடயம் குடு."

போய் நின்றேன். மனிதர் தேனாகத்தான் பேசினார். "பாப்பா, ஒங்கக்கா நல்லாச் சமைக்குமா? கோவம் கீவம் வருமா?"

திருடனுக்கு எதற்குச் சமையல் விவரம்? ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கடமையை விடலாமா? "அக்கா சுடுதண்ணி வச்சாலே தீஞ்சு போகும். கோவம் வந்தா தட்டு பறக்கும். தூக்கத்துல எந்திரிச்சு நடக்கும்" என்றேன். பீரோவைக் காப்பாற்ற, "வீட்டுக்குள்ள மூணு நாய் வேற இருக்கு" என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். அவர் பாதி சோடாவை வைத்துவிட்டு நடையைக் கட்டினார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அடுத்த வாரம் போனை வைத்துவிட்டு அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

"நல்ல எடம் கைவிட்டுப் போச்சுங்க. ஜாதகம் பொருந்தலையாம்."

"போன வாரம் வரைக்கும் பொருந்துச்சே!" என்றார் அப்பா.

மனைக்கு எதற்கு ஜாதகம்? குழம்பிப்போய் அக்காவிடம் ஓடினேன். காலேஜுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். வந்த திருடனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, எடமும் போய்விட்டது, அம்மா அழுகிறாள்.

"இதனால யாருக்குத்தான்க்கா லாபம்?" என்று கேட்டேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீயே கண்டுபிடி" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஜன்னலோர சீட்டிலிருந்து கையாட்டினாள். நானும் ஆட்டினேன். பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் வாசலில் நின்று ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்தேன். ஒருத்தர்கூட அகப்படவில்லை.