மருமகள் வாங்கிய பழைய தோணி

என் மருமகள் நினைத்ததை முடிக்காமல் உட்காரமாட்டாள். ஆற்றின் அக்கரையில் வேலை கிடைத்ததும், தினமும் போய்வரப் பழைய பைபர் தோணி ஒன்றைப் பார்க்கப் போனாள். புதுப் பெயின்ட் பளபளத்தது.

“கவுத்துப் போடுங்கண்ணே.”

“பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குறியேம்மா!” என்று சிரித்தார் தோணிக்காரர்.

அவள் அடிப்பக்கம் முழுக்க விரலால் அழுத்திப் பார்த்தாள். பின்முனை மட்டும் மெத்தென்று அமுங்கியது. முன்னால் தூக்கிக் கரையில் இழுத்து இழுத்தே அந்த இடம் தேய்ந்திருந்தது. மற்றதெல்லாம் கெட்டி. விலையைக் குறைத்து வாங்கினாள். தேய்ந்த இடத்தில் பைபர் துணி ஒட்டிப் பிசின் பூசி, நன்றாகக் காயவிட்டாள்.

வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், என் மகன் தோணியை இழுக்கப் போனான்.

“இழுக்காதீங்க! மறுபடி தேஞ்சா நான் நீந்தியா வேலைக்குப் போறது? நான் முன்னாடி பிடிக்கிறேன், நீங்க பின்னாடி தூக்குங்க.”

“இடுப்பு போயிடும்டி!”

“தைலம் தேச்சு விடறேன், தூக்குங்க.”

தூக்கினான். அவள் கால் நனையாமல் அக்கரை சேர்ந்தாள்.