நாலு எண் பூட்டு

சுட்டுத் தள்ளுகிற வீடியோ கேம்கள் எனக்குப் பிடிக்காது. எனக்குப் பிடித்தது பேய் வீட்டு ஆட்டங்கள். கையில் கத்தி கிடையாது, துப்பாக்கி கிடையாது. ஒரு பூட்டிய வீடு, நாம் அதற்குள் இருக்கிறோம், அவ்வளவுதான். இழுப்பறைகளைத் துழாவ வேண்டும், கிழிந்த கடிதத்தைப் படிக்க வேண்டும், சுவர்க் கடிகாரம் எந்த மணியில் நின்றிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதிலிருந்து பூட்டின் எண்ணைக் கண்டுபிடித்துத் தப்பிக்க வேண்டும். நடுநடுவே வராந்தாவில் ஏதோ ஒன்று நடந்து வரும். சத்தம் கேட்டதும் அலமாரிக்குள் புகுந்து மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதை நான் வங்காளத்தில், பெஹாலாவில் ஓர் இரண்டாம் மாடி வீட்டில், வாசலைப் பூட்டிக்கொண்டு, நாற்பத்திரண்டு வயதில் ஆடிக்கொண்டிருந்தேன். பூட்டியவனும் நான்தான்.

காரணம் அப்பா. கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு அவருக்கு ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. ஒரு மழை நாளில் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். நானும், பௌதி என்று நான் கூப்பிடும் எதிர்வீட்டு அண்ணியும் ஆறு மணி நேரம் தேடினோம். மாஜேர்ஹாட் பாலத்தடியில் ஒற்றைச் செருப்போடு, தொப்பலாக நனைந்து நின்றுகொண்டிருந்தார். பஸ்கள் அவரை உரசிக்கொண்டு போயின. இன்னொரு தடவை இவர் வெளியே போனால் உயிரோடு திரும்ப மாட்டார் என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

வாசல் கதவுக்கு வெளியே இரும்புக் கம்பி கேட் ஒன்று உண்டு, பக்கவாட்டில் இழுத்து மூடுகிற மாதிரி. அதில் பூட்டுப் போட்டேன். சாவியை அரிசி டப்பாவில் ஒளித்தேன், எடுத்துவிட்டார். பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்தேன், எடுத்துவிட்டார். குக்கருக்குள் வைத்ததைக்கூட இரண்டே நாளில் கண்டுபிடித்தார். நான் ஆடுகிற ஆட்டத்தை மனுஷர் என்னைவிட நன்றாக ஆடினார். நல்லவேளை, மூன்று தடவையும் கேட்டைத் தாண்டுவதற்குள் பிடித்துவிட்டேன்.

பிறகு நாலு எண் பூட்டு வாங்கினேன். சாவியே இல்லை, எதைத் தேடுவார்? எண்ணாக என் பிறந்த நாளையும் மாதத்தையும் வைத்தேன். அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். என்னையே மறந்தவருக்கு என் பிறந்த நாள் எங்கே தெரியப்போகிறது?

ஆமாம், மறந்துவிட்டார். எங்கள் வீட்டில் தமிழ் வீட்டு ஆட்களுக்கு, வங்காளம் வெளி ஆட்களுக்கு. ஒரு நாள் காலையில் காபியை நீட்டியபோது அப்பா என்னைப் பார்த்து, "தன்யபாத், தரோவான்தா," என்றார். காவல்காரனுக்கு நன்றி சொல்கிறாராம். அதற்குப் பிறகு எட்டு மாதம் என்னோடு தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் மரியாதையாக வருவார். நகம் வெட்டினால் கையை நீட்டுவார். தினமும் காலையில் மட்டும் கேட் பக்கம் வந்து, "கேட்டா ஏக்டு குலுன், தேரி ஹொயே ஜாச்சே," என்று கெஞ்சுவார். கேட்டைக் கொஞ்சம் திறங்கள், நேரமாகிறது.

"ஆபீஸ் எல்லாம் முடிஞ்சு போச்சுப்பா. ரிட்டயர் ஆயாச்சு," என்பேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பூட்டின் முன்னால் உட்கார்ந்து எண்களைத் திருப்ப ஆரம்பிப்பார். ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. அந்த வீட்டுக்குள் எங்கேயும் இல்லாத எண்ணைப் பூட்டு கேட்காது. பிறந்த தேதி இருக்கிறதே என்று நான் என் பழைய மார்க் ஷீட்டுகளைக்கூட பௌதி வீட்டில் கொடுத்து வைத்திருந்தேன். திருப்பட்டும், பொழுதாவது போகும் என்று விட்டுவிட்டேன்.

எனக்குத்தான் பொழுது போகவில்லை. வேலையும் வீட்டிலிருந்தே, கம்ப்யூட்டரில். ஞாயிற்றுக்கிழமை பௌதி வந்து அப்பாவோடு உட்காரும் ஒரு மணி நேரம்தான் எனக்கு வெளி உலகம். அதிலும் பாதி மீன்காரர்களையும் ரிக்ஷாக்களையும் விலக்கி நடப்பதில் போய்விடும். சில நாள் அப்பாவிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். இவர் போய்ச் சேர்ந்தால் எனக்கு விடுதலை என்றுகூட நினைத்திருக்கிறேன். நினைத்துவிட்டுப் போய் அவருக்குப் போர்வையை இழுத்துவிடுவேன்.

அன்று காலை பத்து மணி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆட்டத்தில் இருந்தேன். எப்போதும் ஒரு காதை விட்டுத்தான் மாட்டுவேன், அன்று என்னவோ இரண்டையும் மூடிவிட்டேன். அலமாரிக்குள் ஒளிந்திருக்கிறேன். இரும்பு கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அட, சத்தமெல்லாம் பிரமாதமாகப் போட்டிருக்கிறானே என்று நினைத்தேன். மறுபடி கிறீச்சிட்டது. அது எங்கள் கேட்.

ஹெட்போனை வீசிவிட்டு ஓடினேன். கேட் ஓர் ஆள் நுழையும் அளவு திறந்திருந்தது. அப்பா உள்பக்கமே நின்று ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். மறு கையில் டிபன் டப்பா. பூட்டு கம்பியில் தொங்கியது, நாலு எண்ணும் என் பிறந்த நாளில் சரியாக நின்றிருந்தன.

அவர் என்னைப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதே," என்றார், தமிழில். "உள்ளே அந்த ஆளு காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். இப்பவே போயிடு. ஸ்கூலுக்கு எவ்வளவு நேரமாச்சு பாரு."

டப்பாவை என் கையில் திணித்தார். எட்டு மாதமாக அவர் திறக்கச் சொன்னது தனக்காக இல்லை.

"நீங்களும் வாங்கப்பா," என்றேன். வேறு என்ன சொல்வது?

"ரெண்டு பேரும் போனா அவனுக்குத் தெரிஞ்சுடும். நான் இருக்கேன். அவன் ஒண்ணும் கெட்டவன் இல்ல, சோறு போடறான். நீ கிளம்பு."

முதுகில் கை வைத்து என்னை வெளியே தள்ளினார். கேட்டை இழுத்து மூடினார். பூட்டை மாட்டி அழுத்தி, எண்களைக் கலைத்துவிட்டார். அவர் பத்திரமாக உள்ளேதான் இருக்கிறார் என்பதால் கீழே இறங்கினேன். இறங்காவிட்டால் அவர் மனசு நொந்துபோகும். அடுத்த திருப்பத்தில், அவர் கண்ணில் படாத படியில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் வராமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டப்பாவைத் திறந்தேன். காலையில் நான் அவருக்குக் கொடுத்த இரண்டு இட்லியும் அப்படியே இருந்தன.

அவற்றைத் தின்றேன். கீழே தெரு திறந்துதான் கிடந்தது, பஸ் சத்தம் கேட்டது. கால் மணி நேரம் கழித்து மேலே ஏறினேன்.

அப்பா கேட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சேலே நேய், தரோவான்தா," என்றார் நிதானமாக. பையன் இல்லை. "ஸ்கூலே சோலே கேச்சே."

பள்ளிக்கூடம் போய்விட்டானாம். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, இத்தனை நாளில் நான் பார்த்ததே இல்லை. "பாலோ," என்றேன், நல்லது. கம்பிக்குள் கைவிட்டு என் பிறந்த நாளைத் திருப்பி, கேட்டைத் திறந்து உள்ளே போனேன்.