கழற்றும் பல்லா, கழற்றாத பல்லா

அக்கா பேத்தியின் காதுகுத்து விருந்தில் யாரோ சொன்ன வேடிக்கைக்கு வாய்விட்டுச் சிரித்தேன். என் மேல்பல் செட்டு அப்படியே பாயசத்தில் விழுந்தது. பந்தியில் இருந்தவர்கள் சிரிப்பதா, பார்க்காததுபோல் இருப்பதா என்று திண்டாடினார்கள். நானே முதலில் சிரித்து அவர்களைக் காப்பாற்றினேன். இந்தச் செட்டோடு இனி வாழ முடியாது என்று அன்றைக்கே தோன்றிவிட்டது.

மறுவாரம் நானும் வீட்டுக்காரரும் அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினோம். பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மேல்தாடை எலும்பில் நான்கு திருகுகள் வைக்கலாம் என்றார். அதற்குமேல் இரண்டு வழி. சட்டைப் பட்டன்போல மாட்டிக்கொண்டு, படுக்கும்போது கழற்றி வைக்கும் பல்வரிசை ஒன்று. திருகோடு முடுக்கிவிட்டால் டாக்டர் மட்டுமே கழற்றக்கூடியது இன்னொன்று.

"கழட்டுறதையே வச்சுக்க. நல்லாக் கழுவலாம்," என்றார் வீட்டுக்காரர்.

"ஒம்பது வருசமா பல்லை டம்ளர்ல போட்டுட்டுத்தான் படுக்கிறேன். போதும்ங்க."

டாக்டர் என் விரல்களைப் பார்த்தார். மூட்டுவலியில் கொஞ்சம் வீங்கியிருந்தன. "கழட்டாத பல்லுன்னா அடியில சேர்ற அழுக்கை நீங்கதாம்மா தெனமும் எடுக்கணும். விட்டுட்டீங்கன்னா ஈறு புண்ணாகி, திருகே ஆடிரும். வெரல் ஒத்துழைக்குமா?"

நான் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டேன். அவர் மேசையிலிருந்த மாதிரித் தாடை ஒன்றை எடுத்தார். பல்வரிசைக்கு அடியில் மையைத் தடவி, தடித்த நூலோடு என்னிடம் கொடுத்தார். நூலை அடியில் நுழைத்து மையைத் துடைக்க வேண்டும்.

முதல் தடவை நூல் நழுவியது. இரண்டாம் தடவையும் அப்படியே. வீட்டுக்காரர், "நாந்தான் சொன்னேன்ல," என்று ஆரம்பித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மல்லிகை கட்டும்போது செய்வதுபோல நூலை விரலில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டேன். பிறகு நழுவவில்லை. ஒரு பொட்டு மை மிச்சமில்லாமல் துடைத்துவிட்டு தாடையைத் திருப்பிக் கொடுத்தேன்.

டாக்டர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கழட்டாததே வச்சிரலாம்மா," என்றார்.

திருகு வைத்து, தற்காலிகப் பல்லோடும் குழைந்த சோற்றோடும் நான்கு மாதம் ஓடியது. நிலையான பல்லுக்கு மாதிரி காட்டினார்கள். சோளமுத்துப்போல ஒரே சீரான வரிசை.

"எனக்கு முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்கும். அது வேணும்," என்றேன்.

"எல்லாரும் அதை அடைக்கத்தாம்மா வருவாங்க!"

அதுவரை என்னை மறுத்தே பேசிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "வச்சுக் குடுங்க டாக்டர். பொண்ணு பார்க்கப் போனப்ப நான் மொதல்ல பார்த்ததே அந்தச் சந்தைத்தான்."

முப்பத்தாறு வருடத்தில் அவர் இதை என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

புதுப் பல் பொருத்திய பிறகு, எதைக் கடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய கொய்யா விற்றார்கள். நல்லாப் பழுத்ததாகக் கேட்டு வாங்கி, நறுக்க வேண்டாமென்று சொல்லிவிட்டு, முழுப் பழத்தை முன்பல்லால் கடித்தேன். சாறு மோவாயில் வழிந்தது.

"எனக்கும் ஒரு கடி குடு," என்றார் வீட்டுக்காரர்.

"வேற வாங்கிக்கங்க," என்றேன், வாய் நிறைய.