நீலக் கோடு போட்ட பன்றிகள்

எண்பதுகளின் கடைசியில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு பன்றிப் பண்ணையில் முதுகலை ஆய்வு செய்தேன். ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனை அளந்தால், எந்தக் குட்டி நன்றாக வளரும் என்று முன்பே சொல்லிவிடலாம் என்பது என் நம்பிக்கை. ஹார்மோன் குறைவாக இருந்த மூன்று குட்டிகளின் முதுகில் நீலப் பெயிண்டால் கோடு போட்டேன். தீவனம் போடும் அம்மா, எதற்கு என்று கேட்டார். "இதுங்க வளராதும்மா" என்றேன்.

மூன்று மாதம் கழித்து எடை போட்டால், பண்ணையிலேயே கொழுத்தவை அந்த மூன்றும்தான். ரத்தத்தை மறுபடியும் சோதித்தேன். தராசைச் சந்தேகப்பட்டேன். அந்த அம்மாவைக் கேட்கத் தோன்றியது கடைசியில்தான்.

"நீங்கதான சார் வளராதுன்னு சொன்னீங்கோ? பாவமா இருந்துச்சு. திருவேற்காட்டு ஓட்டல்ல மிஞ்சுற சோத்த தெனம் ஒரு பக்கெட்டு எட்தாந்து அதுங்களுக்கு மட்டும் ஊத்துறேன். வளராட்டி இன்னா சார், வயிறு கீதுல்ல?"

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு வருட உழைப்பு பக்கெட்டில் போயிருந்தது. ஆனாலும் அதை யாரிடமும் சொல்லவில்லை. எதிர்பாராத இந்த வளர்ச்சிக்குக் காரணம் தெரியவில்லை என்று ஆய்வேட்டில் எழுதினேன்.

எழுதும்போது காரணம் வெளியே தொட்டி கழுவிக்கொண்டிருந்தது.