1889இல் போன கப்பல்

1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தில் தாயின் முதுகில் தொங்கியபடி தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்தவள் கமலாட்சி. வவுனியாவுக்குப் பக்கத்தில் நெளுக்குளத்தில் வளர்ந்தாள், அங்கேயே மேசன் செல்வராசாவைக் கட்டினாள். ஆகவே பயம் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் 2007இல் அவளைப் பிடித்த பயத்தை அவளே தேடிப்போய் வீட்டுக்குள் கூட்டிவந்திருந்தாள்.

சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், வவுனியா நகரில் நவ்பர் நடத்திய கொமினிகேசன் கடையில் அவளுக்கு வேலை. அவரை அவள் நானா, அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள். வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துக்கொடுப்பாள், கடிதம் ரைப் பண்ணுவாள். மத்தியானத்தில் கடை ஓய்ந்திருக்கும்போது இன்ரர்நெற்றில் எதையாவது தேடிக்கொண்டிருக்க நவ்பர் விட்டுவிடுவார்.

அவளுடைய வீட்டில் வழிவழியாக ஒரு கதை இருந்தது. பூட்டன் முனியனும் அவருடைய தங்கை அலமேலுவும் வட ஆற்காட்டில் மேல்புதூர் என்ற ஊரில் தாய் தகப்பனைப் பறிகொடுத்தவர்கள். பஞ்சத்தில் அண்ணன், தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணியோடு இலங்கைக்கு வந்தான். தங்கையைச் சித்தி ஒருத்தி சென்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனாள். அவள் எந்தக் கரையில் ஏறினாள் என்று ஒருவருக்கும் தெரியாது. ‘இடது கையில சூட்டுத் தழும்பு இருக்கும்’ என்று மட்டும் பூட்டன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஒருநாள் கமலாட்சி விளையாட்டாக ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தாள். தென்னாபிரிக்காவுக்குக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியல்களை யாரோ கணினியில் ஏற்றி வைத்திருந்தார்கள். எழுத்தை மாற்றி மாற்றி அடித்தாள். ரோஸ்மண்ட் என்ற கப்பலின் பெயர்களுக்கு நடுவே அலமேலு இருந்தாள். வயது பன்னிரண்டு, ஊர் மேல்புதூர், இடது முன்கையில் தீத்தழும்பு.

கமலாட்சி வாய்விட்டு அழுதாள். நவ்பர் பதறிப்போனார்.

“என்ன தங்கச்சி, ஆருக்கு என்ன?”

“ஒண்டுமில்லை நானா. எங்கட ஆள் ஒராளைக் கண்டுபிடிச்சிட்டன்.”

அந்தப் பக்கத்தின் அடியில் அவள் எழுதிவைத்த குறிப்புக்குச் சில மாதம் கழித்து டேர்பனிலிருந்து பதில் வந்தது. சாந்தா கோவெண்டர், ஓய்வு பெற்ற நேர்ஸ், அலமேலுவின் பேத்தி. தமிழ் எழுத வராது, ஆங்கிலம்தான். கமலாட்சி அந்தக் கடிதங்களையும் கப்பல் பட்டியலையும் பிறின்ற் எடுத்து, வீட்டில் அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள். இனி முனியன் இலங்கைக்கு வந்த கப்பலையும் கண்டுபிடிக்கவேண்டும் என்று இருவரும் தீர்மானித்தார்கள்.

அதற்குள் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது. வெள்ளை வான் வந்தது, அதில் ஏற்றப்பட்ட ஆட்கள் காணாமல் போனார்கள். செல்வராசா இரண்டொரு தடவை சொன்னான்: “உந்த வெளிநாட்டுக் கடிதங்களை நிப்பாட்டும். ஆரும் பாத்தா என்ன நினைப்பினம்?” செத்துப்போன கிழவியைப் பற்றிய கதைக்கு யார் என்ன நினைப்பார்கள் என்று கமலாட்சி சிரித்தாள்.

ஒரு விடியற்காலை இராணுவம் நெளுக்குளத்தைச் சுற்றிவளைத்தது. அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் இருந்த காகிதக் கட்டை ஒரு சிப்பாய் எடுத்துப் பார்த்தான். பெயர், தகப்பன் பெயர், வயது, உடம்பில் உள்ள அடையாளம். அவன் முகம் மாறியது.

“இது யாரு ஆக்கள்?”

“எல்லாரும் செத்துப்போச்சினம் ஐயா.”

“எல்லாம் செத்தது? எப்பிடிச் செத்தது?”

அப்போதுதான் கமலாட்சிக்குத் தான் சொன்னது என்னவென்று உறைத்தது. செல்வராசா கையைத் தூக்கிக்கொண்டு சுவரோடு நின்றான். மகள் பள்ளிக்கூடச் சட்டை பாதி போட்டபடி அசையாமல் பார்த்தாள். கமலாட்சியை மட்டும் வாகனத்தில் ஏற்றினார்கள்.

முகாமில் சின்ன அறை. தமிழ் கதைக்கும் அதிகாரி ஒருவர் சாந்தாவின் கடிதத்தை எடுத்து வரிவரியாகத் தமிழில் சொன்னார்.

“‘இரண்டாவது கப்பல் எங்கே இறங்கினது எண்டு தெரிஞ்சாப் போதும். உங்கட பக்கத்தில ஆரிட்டையாவது பட்டியல் இருக்கும்.’ இதுக்கு என்ன அர்த்தம்?”

புலிகளின் ஆயுதக் கப்பல்களைக் கடற்படை தேடித்தேடித் தாக்கிக்கொண்டிருந்த ஆண்டு அது. கமலாட்சி இருந்த கதிரையின் கால்கள் சீமெந்துத் தரையில் கடகடவென்று அடித்தன. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை.

“அது பழைய கப்பல் ஐயா... எங்கட பூட்டன்ர...”

“பூட்டன் ஆர்? இயக்கப் பேரா?”

மத்தியானமானது. மகள் எங்கே நிற்கிறாளோ, செல்வராசாவையும் பிடித்துவிட்டார்களோ. இந்த அறைக்கு வந்து திரும்பாதவர்களைப் பற்றி ஊரில் கேட்ட கதைகளெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. வெளியே நவ்பரின் குரல் கேட்டபோது அது நிசமென்று அவள் நம்பவில்லை. செல்வராசா ஓடிப்போய்ச் சொல்ல, அவர் கடையை அப்படியே பூட்டிவிட்டு வந்திருந்தார்.

“சேர், இந்தக் கடிதங்களை எழுதின அம்மாவின்ர நம்பர் என்னட்டை இருக்கு. நீங்களே எடுத்துக் கதையுங்கோ.”

அதிகாரி எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார். தான் யாரென்று சொல்லாமல், கொழும்பிலிருந்து கதைப்பதாகவும் கப்பலைப் பற்றி அறியவேண்டும் என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். சாந்தா அவரை ஆவணக் காப்பகத்து ஆள் என்று நினைத்துவிட்டாள்.

“கப்பலா! கண்டுபிடித்துவிட்டீர்களா? எங்கே இறங்கினார்கள்? எத்தனை பேர்?”

கமலாட்சி கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது, இனி வெளியே போகப்போவதில்லை என்று நினைத்தாள்.

“எந்த வருசத்துக் கப்பலைக் கேட்கிறீர்கள்?” என்றார் அதிகாரி.

“தங்கச்சி போனது ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பது. அண்ணனுடையது அதே வருசமாகத்தான் இருக்கும்.”

சாந்தா நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள். கரும்பு வெட்டிய காலம், தழும்பு, சாகும்போது அண்ணன் பெயரைச் சொன்னது. தமிழில் தெரிந்த ஒரே பாட்டு என்று ஒரு தாலாட்டின் இரண்டு வரியையும் பாடினாள். அதிகாரி நன்றி சொல்லி வைத்தார். காகிதங்களை மறுபடி புரட்டி, பட்டியலின் மூலையில் மங்கலாக அச்சாகியிருந்த வருடத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

“இதை நீங்கள் முதலே சொல்லியிருக்கலாம்.”

“பயத்தில வாய் வரேல்லை ஐயா.”

காகிதங்களை அவர் வைத்துக்கொண்டார். கிழமைக்கு ஒருக்கால் வந்து கையெழுத்துப் போடச் சொன்னார். வாசலில் நவ்பர்தான் ஓட்டோ பிடித்தார். நெளுக்குளத்தில் அவள் இறங்கும்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“கோவிக்காதேங்கோ தங்கச்சி. கொஞ்ச நாளைக்குக் கடைப்பக்கம் வராதேங்கோ. எனக்கும் பிள்ளையள் இருக்கு.”

“ஓம் நானா,” என்றாள். அவர்மேல் கோபம் வரவில்லை.

மிச்சமிருந்த கடிதங்களைச் செல்வராசா குசினி அடுப்பில் போட்டான். கிழமைக் கையெழுத்துக்குப் போகும் நாள்களில் அவளுக்குச் சோறு இறங்காது. ஒழுங்கையில் வாகனம் மெதுவாகப் போனால் கையில் இருந்தது விழுந்துவிடும். வீட்டில் விருந்தாளிகள் முன்னால் மகள் “அலமேலு” என்று ஏதோ சொல்லப்போக, கமலாட்சி அவள் வாயைப் பொத்தினாள்.

யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டின் கடைசியில் வேறொரு இன்ரர்நெற் கடையில் போய் உட்கார்ந்தாள். சாந்தாவின் கடிதங்கள் திறக்கப்படாமல் குவிந்து கிடந்தன. செய்தியில் வவுனியாவின் பெயர் வந்த ஒவ்வொரு தடவையும் எழுதியிருக்கிறாள்: இருக்கிறாயா?

கமலாட்சி ஆங்கிலத்தில் இரண்டே வரி அடித்தாள். உயிரோடு இருக்கிறேன், மகளும் அவரும் சுகம். கப்பலைப் பற்றி இனி எழுதவேண்டாம், வேறு எதையென்றாலும் எழுதுங்கள்.

அடுத்த கிழமை பதில் வந்திருந்தது. அன்று டேர்பனில் நல்ல மழையாம், சாந்தாவின் வீட்டு முற்றத்து முருங்கை முறிந்துவிட்டதாம். கமலாட்சி கதவுப் பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்த்துவிட்டு, மிச்சத்தை வாசித்தாள்.