அந்த மாத்திரையில் என்ன இருந்தது

அன்று என்னைப் பயமில்லாமல் பேச வைத்தது மாத்திரையா, நானேதானா?

விழுப்புரத்தில் முதுகலை படித்தபோது ஒரு மருத்துவ ஆய்வுக்கு ஆள் கேட்டார்கள். நோய் எதுவும் இல்லாதவர்கள் மட்டும் வரலாம். பதற்றத்தை வேண்டுமென்றே உண்டாக்கி, மருந்து அதை எவ்வளவு குறைக்கிறது என்று பார்ப்பார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது. தோழி கூப்பிட்டதால் நானும் போனேன்.

மாத்திரையை விழுங்கிவிட்டு வராந்தாவில் காத்திருந்தோம்.

"போட்டுக்கினு உள்ள போய் தூங்கிடாதடி, என் மானம் போயிடும்" என்றாள் தோழி.

உள்ளே மூன்று பேர் முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். கேமரா ஓடியது. முதலில் என்னைப் பற்றிப் பேச வேண்டும். பிறகு பெரிய எண் ஒன்றிலிருந்து பதிமூன்று பதிமூன்றாகக் கழித்துச் சொல்ல வேண்டும். தப்பினால் "முதலிலிருந்து" என்பார்கள். வகுப்பில் வருகைப்பதிவுக்குப் பதில் சொல்லவே குரல் நடுங்குகிறவள் நான். அன்று நடுங்கவில்லை. தப்பாகக் கழித்தேன், மறுபடி கழித்தேன், நடுவில் சிரிப்புக்கூட வந்தது. பிறகு பேருந்து நிலையத்தில் தோழியோடு அவித்த மல்லாட்டைக் கடலை தின்றபடி நின்ற மாலையில், கூட்டத்தில் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று ஒரு தடவையும் நான் யோசிக்கவில்லை.

இப்போது திண்டிவனத்தில் இருக்கிறேன். கைக்குழந்தை இருக்கிறாள். யாரும் உண்டாக்காமலே பதற்றம் வருகிறது. அவள் தூங்கினால் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். விரலை எடுத்ததும், சரியாகப் பார்த்தேனா என்று மறுபடி வைக்கிறேன். மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தார். பால் கொடுக்கும்போதும் போடலாம் என்றார். இன்னும் வாங்கவில்லை. அந்த மாலை போல ஒன்று இன்னொரு முறை கிடைக்காதா என்றிருக்கிறது.

ஆய்வு முடிந்துவிட்டதாம். கேட்டால் யாருக்கு எது என்று சொல்கிறார்களாம். அவர்களுடைய தொலைபேசி எண்ணைத் தோழி அனுப்பியிருக்கிறாள்.

"கேட்டுட வேண்டியதுதான?" என்றார் கணவர்.

"மருந்துன்னு சொல்லிட்டா என்னங்க பண்றது?"

"மருந்துன்னா மருந்து. நீ கேக்காமயே அதையே நெனச்சிக்கினு இருக்கிறியே, அதுதான் பேஜாரு."

அன்றைய மருந்தும் இன்றையதும் ஒன்றாக இருக்காது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வெறும் மாத்திரை என்றால், இருந்த தைரியம் எங்கே போனது என்று வருந்துவேன். மருந்து என்றால், என்னுடையது என்று வைத்திருக்கும் அந்த ஒரு மாலையும் இரவலாகிவிடும்.

கேட்கட்டுமா? கேட்காமலே மருத்துவர் எழுதியதை வாங்கிப் போட்டுக்கொள்ளட்டுமா? பிள்ளை பெற்றபின் இப்படி இருந்து தேறியவர்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.